சத்தம் ஒரு இடம், கோளாறு வேறு இடம்: மலை சைக்கிளும் பவர் டூலும் மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது

சனிக்கிழமை சாயங்காலம் ஓட்டம் முடிந்து, டயரில் ஒட்டிய மண் காயும் வரை உட்கார்ந்து பேசும்போது எங்கள் பேச்சு இரண்டு விஷயத்தைத்தான் சுற்றிவரும்: யார் சைக்கிள் என்ன சத்தம் போடுகிறது, யார் டிரில்லோ கிரைண்டரோ என்ன மக்கர் செய்கிறது. ஒருவர் "மிதிச்சா கிறுக் கிறுக்னு கேக்குது" என்று ஆரம்பிப்பார், அவர் முடிப்பதற்குள் இன்னொருவர் "பாட்டம் பிராக்கெட் போயிருக்கும், மாத்திடுங்க" என்பார், அடுத்த வாரம் புது பாட்டம் பிராக்கெட்டோடு, அதாவது பெடல் கைகளின் அச்சு சுழலும் நடுப் பேரிங்கோடு, அதே கிறுக் கிறுக் திரும்பி வரும். இதைப் பல முறை பார்த்துவிட்டேன், ஒரு முறை நானே செய்தும் இருக்கிறேன். அதனால் கீழே இருப்பது உதிரி பாகங்களின் வரிசை கிடையாது. காதில் கேட்கும் சத்தம், கைக்குத் தெரியும் ஆட்டம், மூக்குக்கு எட்டும் வாடை, இந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்று மட்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றுங்கள், மாற்றியதும் ஓட்டிப் பாருங்கள். மூன்று இடத்தில் கிரீஸ் போட்டு நாலு போல்டை முறுக்கினால் சத்தம் நிற்கலாம், ஆனால் எதனால் நின்றது என்று தெரியாது, அடுத்த மாதம் திரும்ப வந்தால் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.

மிதிக்கும்போது கிறுக் கிறுக், கடக் கடக்

ஃபிரேம் முழுக்க உள்ளே காலியான குழாய்கள். சீட்டைத் தாங்கும் கம்பியான சீட் போஸ்டில் பிறக்கும் சத்தம் அந்தக் குழாய் வழியாக இறங்கி, பாட்டம் பிராக்கெட்டுக்குள்ளிருந்து வருவது போலவே கேட்கும். பக்கத்தில் ஓட்டிக்கொண்டு வருபவருக்கும் அப்படித்தான் கேட்கும். அதனால் இங்கே காதை நம்பிப் பயனில்லை, ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போக வேண்டும்.

முதலில் சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதியுங்கள். சத்தம் நின்றுவிட்டால் கோளாறு சீட்டிலோ சீட் கம்பிகளிலோ சீட் போஸ்டிலோதான். போஸ்டை வெளியே எடுத்து, குழாயின் உட்புறத்தையும் போஸ்டையும் துணியால் துடைத்து, அலுமினியம் என்றால் மெல்லிய கிரீஸ், கார்பன் என்றால் அதற்கென்று இருக்கும் மணல்மணலான பேஸ்ட் தடவி மாட்டுங்கள். நாங்கள் தேடியவரை நிறைய கிறுக் கிறுக் இங்கேயே முடிந்திருக்கிறது.

நின்று மிதித்தாலும் சத்தம் வருகிறதா? இப்போது மிதிக்காமல் சைக்கிளை நிறுத்தி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை இடமும் வலமுமாக அமுக்கிப் பாருங்கள். அப்போதும் வந்தால் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம், ஃபோர்க் திரும்ப உதவும் பேரிங்கான ஹெட்செட், முன் அச்சு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மிதிக்காமல் இறக்கத்தில் உருளும்போதும் வந்தால் சக்கரம், அதன் நடுவில் உள்ள ஹப், பிரேக் பிடிக்கும் வட்டத் தகடான ரோட்டர் பக்கம் போங்கள். மிதிக்கும்போது மட்டும், அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் வந்தால்தான் பெடல், அதை மாட்டியிருக்கும் கையான கிராங்க், முன் பல்சக்கரத்தைப் பிடிக்கும் செயின்ரிங் போல்ட், பாட்டம் பிராக்கெட் என்ற வரிசைக்கு வர வேண்டும். அதிலும் பெடலை முதலில் பாருங்கள், ஏனென்றால் கழற்றி, மரையைத் துடைத்து, கிரீஸ் போட்டு மாட்ட ஐந்து நிமிடம் போதும். இடது பெடலுக்கு இடது மரை என்பதை மறக்காதீர்கள், அதைக் கழற்றக் கடிகாரம் சுற்றும் பக்கமாகவே திருப்ப வேண்டும். காலின் அழுத்தம் சுற்றிச் சுற்றி வரும்போது பெடலின் அச்சு மெல்ல எதிர்ப்பக்கம் உருளும், மிதிக்க மிதிக்கப் பெடல் தானாகக் கழன்றுவிடாமல் இருக்கத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். அதே காரணத்துக்காக, மரை போட்ட பாட்டம் பிராக்கெட்டில் செயின் இருக்கும் வலது பக்கக் கப்புக்குத்தான் இடது மரை. இது தெரியாமல் நீளமான ஸ்பேனரை மாட்டி முழு பலத்தையும் போட்டு ஃபிரேமின் மரையையே சிதைத்தவர்களை எனக்குத் தெரியும், அது மிகவும் வருத்தமான விஷயம்.

இதற்கெல்லாம் பிறகும் சத்தம் பிடிபடவில்லை என்றால் பின் சக்கரத்தின் அச்சைக் கழற்றி, கியர் மாற்றும் டிரெயிலியர் தொங்கும் சின்னத் துண்டான ஹேங்கரும் ஃபிரேமும் சேரும் இடத்தைத் துடைத்துப் பாருங்கள். அந்தச் சின்ன இடைவெளியில் மெல்லிய மண் புகுந்துவிட்டால் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அச்சு அசலாகப் பாட்டம் பிராக்கெட் சத்தம் கேட்கும். நான் புது பாட்டம் பிராக்கெட் போட்டும் சத்தம் நிற்காமல் போனது இதனால்தான்.

கியர் துள்ளுகிறது, செயின் வழுக்குகிறது

இதைச் சொல்லும்போது எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள், "துள்ளுது". ஆனால் துள்ளுவதில் நாலு வகை உண்டு, எந்த வகை என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் கேபிளின் இழுவை குறைந்திருக்கிறது. கேபிள் நுழையும் இடத்தில் இருக்கும் குமிழை, பின்னாலிருந்து பார்க்கும்போது கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாக, அரைச் சுற்று திருப்பிப் பாருங்கள். சின்னதுக்கு இறங்கத் தயங்கினால் பலரும் அதே குமிழை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே இருப்பார்கள், சில சமயம் அது சரிதான், ஆனால் பழைய சைக்கிளில் பெரும்பாலும் கேபிள் ஓடும் உறைக்குள் அழுக்கும் துருவும் சேர்ந்து கேபிளைத் திரும்பி வர விடாமல் பிடித்துக்கொள்ளும். கேபிளையும் உறையையும் மாற்றாமல் எத்தனை சுற்று திருப்பினாலும் அது தீராது.

குமிழைத் திருப்பி இரண்டு கடைசிகளிலும் சரியாக வந்தும் நடுவில் உள்ள கியர்களில் மட்டும் கரகரப்பு இருந்தால் ஹேங்கர் வளைந்திருக்கும். சைக்கிள் வலது பக்கமாக ஒரு முறை விழுந்தாலே போதும். டிரெயிலியரும் ஃபிரேமும் உடையாமல் இருக்கத்தான் ஹேங்கரை மென்மையான அலுமினியத்தில் செய்கிறார்கள், அதனால் அது வளைந்தால் தன் வேலையைச் செய்திருக்கிறது என்று அர்த்தம். பின்னால் குனிந்து நின்று, டிரெயிலியரின் இரண்டு சின்னச் சக்கரங்களும் மேலே உள்ள பல்சக்கரத்தோடு ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். முன்பெல்லாம் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு தனி ஹேங்கர், தேடி அலைய வேண்டும். 2019-ல் சைக்கிள் பாகங்கள் செய்யும் ஸ்ராம் நிறுவனம் பொது ஹேங்கர் ஒன்றைக் கொண்டுவந்த பிறகு பல ஃபிரேம்கள் அதற்கு மாறிவிட்டன. எதுவாக இருந்தாலும் உங்கள் ஃபிரேமுக்கு உரியதை ஒன்று கூடுதலாக வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வகை, ஏற்றத்தில் பலமாக மிதிக்கும்போது மட்டும் குறிப்பிட்ட ஒன்றிரண்டு கியர்களில் செயின் பல்லைத் தாண்டிக் குதிப்பது. அது தேய்மானம். செயினின் பின்னுக்குப் பின் இடைவெளி 12.7 மி.மீ., ஆகவே 24 இடைவெளிக்குப் புதுச் செயின் 304.8 மி.மீ. இருக்க வேண்டும். நல்ல எஃகு ஸ்கேலை வைத்து, பின்னின் நடுவிலிருந்து பின்னின் நடு வரை அளந்து பாருங்கள். 1.5 மி.மீ. கூடியிருந்தால் அரை சதவீதம் நீண்டுவிட்டது, 11, 12 கியர் செயின்களை அந்தக் கட்டத்திலேயே மாற்றிவிடுங்கள். அதைத் தாண்டி ஓட்டினால் நீண்ட செயின் பின் பல்சக்கரக் கூட்டமான கேசட்டின் பற்களையும் தன் அளவுக்குத் தேய்த்துவிடும், பிறகு புதுச் செயின் போட்டால்தான் துள்ளல் அதிகமாகும், ஆட்கள் "புதுச் செயின் மட்டம்" என்பார்கள். செயின் பேரில் தப்பே இல்லை, மாற்றத் தாமதமானதுதான் காரணம்.

நாலாவது, எந்தக் கியரிலும், சில சுற்றுக்கு ஒரு முறை ஒழுங்கான இடைவெளியில் ஒரு துள்ளல். செயினில் ஒரு கண்ணி இறுகிப் போயிருக்கிறது. பெடலை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே டிரெயிலியரின் சின்னச் சக்கரத்தைக் கவனித்தால் அந்தக் கண்ணி வளையாமல் விறைத்துக்கொண்டு போவது தெரியும். விரலால் பக்கவாட்டில் லேசாக வளைத்துக் கொடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

செயின் அசையாமல் பல்லில் உட்கார்ந்திருக்க, பெடல் மட்டும் திடீரென்று காலியாகச் சுற்றினால் இதற்கெல்லாம் சம்பந்தமே இல்லை. பின் ஹப்பில், மிதிக்காதபோது சக்கரத்தைத் தனியாக உருள விடும் ஃப்ரீஹப்பின் கொக்கிகள் பிடிக்கவில்லை. பெரும்பாலும் கெட்டியான கிரீஸை அள்ளிப் பூசியதுதான் காரணம், கொக்கியின் சின்ன ஸ்பிரிங்கால் அதைத் தள்ளிக்கொண்டு எழ முடியாது. கழுவித் துடைத்து, ஃப்ரீஹப்புக்கு உரிய மெல்லிய கிரீஸை மட்டும் கொஞ்சம் போடுங்கள். இதைச் சரிசெய்யாமல் ஓட்டாதீர்கள், ஏற்றத்தில் நின்று மிதிக்கும்போது இது நடந்தால் மார்பு நேராக ஸ்டெம்மில் போய் இடிக்கும்.

பிரேக் கத்துகிறது, பிடிக்கவில்லை, உரசுகிறது

1976-ல் கலிஃபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் பக்கத்தில் ஒரு மண் பாதையில் பழைய கனமான சைக்கிள்களை வைத்துக்கொண்டு இறக்கப் பந்தயம் நடத்தினார்கள். பின்னோக்கி மிதித்தால் ஹப்புக்குள்ளேயே பிடிக்கும் பிரேக் அவற்றில், ஒரு முறை கீழே போய்ச் சேர்வதற்குள் கிரீஸ் எல்லாம் புகைந்து ஆவியாகிவிடும், அடுத்த ஓட்டத்துக்கு முன் ஹப்பைத் திறந்து கிரீஸை மறுபடி அடைக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பந்தயத்துக்கே ரீபேக் என்று பெயர் வந்தது. மலை சைக்கிளில் பிரேக்கின் முதல் எதிரி சூடு, அன்றும் இன்றும்.

கத்துவதைப் பார்ப்போம். மழையில் மட்டும் கத்தினால் விட்டுவிடுங்கள், காய்ந்தால் நிற்கும். காய்ந்த நாளிலும் கத்தி, பிடிப்பும் குறைந்திருந்தால் ரோட்டரை இறுக்கும் பிரேக் கட்டையான பேடில் எண்ணெய் ஏறியிருக்கிறது. செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது காற்றில் பறந்த துளியே போதும், ரோட்டரை விரலால் பிடித்துத் தூக்கினாலே போதும். ரோட்டரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தமான துணி கொண்டு துடையுங்கள். பேடைத் தேய்ப்பது, அடுப்பில் காட்டுவது என்று நிறைய வைத்தியம் சொல்வார்கள், எல்லாவற்றையும் செய்து பார்த்த பிறகு நான் சொல்வது, எண்ணெய் குடித்த பேடைத் தூக்கி எறிந்துவிடுங்கள், இறக்கத்தில் அதை நம்ப முடியாது. புதுப் பேட் போட்டதும் அதைப் பழக்க வேண்டும்: ஓரளவு வேகம் எடுத்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், நடை வேகத்துக்குக் குறையும் வரை பிடித்து விடுங்கள், இப்படி ஒவ்வொரு பிரேக்குக்கும் 20 தடவை. இதைச் செய்யாமல் நேராக இறக்கத்துக்குப் போனால் புதுப் பேடும் கத்தும்.

லீவர் ஹேண்டில்பாரைத் தொடும் வரை வருகிறது, ஆனால் இரண்டு மூன்று முறை அழுத்தினால் கெட்டியாகிறது என்றால் எண்ணெய்ப் பாதையில் காற்று இருக்கிறது, அல்லது பேட் தேய்ந்து தீர்ந்திருக்கிறது. பேடை முதலில் பாருங்கள். காற்று என்றால் பிளீட் செய்ய, அதாவது புது எண்ணெயைச் செலுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும், அப்போது எந்த எண்ணெய் என்பதில் மட்டும் தவறவே கூடாது. ஷிமானோ, மகுரா, டெக்ட்ரோ நிறுவனங்களின் பிரேக்குக்கு எல்லாம் மினரல் ஆயில். ஸ்ராமின் பல மாடல்களுக்கு டாட் 5.1 என்ற பிரேக் எண்ணெய், ஆனால் மேவன் போன்ற சிலவற்றுக்கு மினரல் ஆயில், ஆகவே லீவரின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டு, முழு பிரேக்கும் போய்விடும்.

மேலே நன்றாகப் பிடித்து, நீண்ட இறக்கத்தின் பாதியில் லீவர் மெத்தென்று ஆகிவிட்டால் எண்ணெய் கொதிக்கிறது. டாட் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 5.1 புதிதாக இருக்கும்போது குறைந்தது 260 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர அளவு, ஈரம் ஏறிய பிறகு அந்த அளவே 180 டிகிரிதான். திறந்து வைத்த பாட்டிலை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். மினரல் ஆயில் ஈரத்தை உறிஞ்சாது, ஆனால் உள்ளே புகும் தண்ணீர் கலக்காமல் அடியில், அதாவது பேடுகளை அழுத்தும், சூடு அதிகமாகும் காலிப்பரில், போய்த் தேங்கும். அதனால் இரண்டையும் காலாகாலத்தில் மாற்றத்தான் வேண்டும்.

உரசல் எளிது. காலிப்பரின் இரண்டு போல்டையும் லேசாகத் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்தபடியே மறுபடி முறுக்குங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் மட்டும் உரசினால் ரோட்டர் வளைந்திருக்கிறது, கையால் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தலாம், சுத்தமான துணியால் பிடித்துக்கொண்டு. சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்தபோது யாரோ லீவரை அழுத்திவிட்டதால் ரோட்டர் பேடுகளுக்கு நடுவே நுழையவே இல்லை என்றால் பிளாஸ்டிக் டயர் லீவரைப் பேடுகளுக்கு இடையில் விட்டு மெல்லப் பிரித்து பிஸ்டன்களை உள்ளே தள்ளுங்கள், திருப்புளியால் நெம்பாதீர்கள்.

முன்பக்கம் டக் டக் என்று அடிக்கிறது

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுவதை எல்லோரும் செய்வார்கள், ஆனால் அப்போது பேட் காலிப்பருக்குள் ஆடுவதும் அதே டக் தரும். ஹேண்டில்பாரை முழுக்க ஒரு பக்கம் திருப்பி வைத்து ஆட்டுங்கள், ஹெட்செட்டும் ஃபிரேமும் சேரும் இடத்தில் விரலை வையுங்கள். அங்கே அசைவு தெரிந்தால் ஹெட்செட் தளர்ந்திருக்கிறது. மேல் மூடியின் போல்டை மட்டும் முறுக்கினால் எதுவும் ஆகாது, ஸ்டெம்மின் பக்கவாட்டுப் போல்டுகளைத் தளர்த்திவிட்டு மேல் போல்டை ஆட்டம் போகும் வரை மட்டும் முறுக்கி, பிறகு ஸ்டெம்மை நேராக்கிப் பக்கவாட்டுப் போல்டுகளை முறுக்க வேண்டும். சைக்கிளின் முன்பக்கத்தைத் தூக்கினால் ஹேண்டில்பார் தன் எடையிலேயே சாய வேண்டும், சாயாமல் நின்றால் அதிகமாக முறுக்கிவிட்டீர்கள்.

டயரில் காற்று நிற்கவில்லை

உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர் ஒரே இரவில் இறங்கினால் முதலில் டயரைக் கழற்றாமல் குலுக்கிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் ஆடும் சத்தம் இல்லையென்றால் ஓட்டையை அடைக்க ஊற்றும் திரவமான சீலன்ட் காய்ந்துவிட்டது, இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் அது காய்வது இயல்புதான். சத்தம் இருந்தும் இறங்கினால் சோப்புத் தண்ணீரை ரிம் முழுக்க ஊற்றுங்கள். ஸ்போக் நுழையும் துளையிலிருந்து குமிழ் வந்தால் துளை இருக்கும் இடம் அதுவாக இருக்காது, உள்ளே ரிம் டேப் எங்கோ பிளந்திருக்கிறது, காற்று ரிம்முக்குள் ஓடி வசதியான துளை வழியாக வெளியே வருகிறது. பம்ப் அடித்தால் அளவுமானி மட்டும் சட்டென்று ஏறி, டயர் அப்படியே இருந்தால் வால்வின் உட்பகுதியில் சீலன்ட் அடைத்துக்கொண்டிருக்கிறது. அதைத் திருகி எடுத்து மாற்றுங்கள்.

டயர் ரிம்மில் உட்கார மறுக்கும்போது கம்ப்ரசரை எடுப்போம், அது நல்ல யோசனைதான், வால்வின் உட்பகுதியைக் கழற்றிவிட்டு அடித்தால் காற்று வேகமாகப் பாய்ந்து டயர் பட்பட்டென்று உட்காரும். ஆனால் டயர் மேலும் ரிம் மேலும் எழுதியிருக்கும் உச்ச அளவில் எது குறைவோ அதைத் தாண்டாதீர்கள், முகத்தை டயருக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

குலுங்கலைத் தாங்கும் காற்று ஷாக்குக்கு கம்ப்ரசரைக் காட்டவே கூடாது, ஷாக் பம்ப் மட்டும்தான். "நேற்று அடித்தேன், இன்று பம்பை மாட்டினால் குறைவாகக் காட்டுகிறது, காற்று போகிறது" என்று சொல்பவர்கள் பாதிப் பேருக்குக் காற்று போகவில்லை, பம்பின் குழாயை நிரப்ப ஷாக்கிலிருந்து கொஞ்சம் காற்று போயிருக்கிறது, அவ்வளவுதான். ஷாக் அமுங்கியபடியே நின்றுவிட்டு மேலே வரவே இல்லை என்றால் மட்டும் வீட்டில் திறக்காதீர்கள். உள்ளே தவறான அறையில் அழுத்தம் மாட்டிக்கொண்டிருக்கும், திறந்தால் துப்பாக்கிக் குண்டு மாதிரி வெளியே வரும்.

போல்ட் தலை உருண்டுவிட்டது

இங்கேதான் சைக்கிளும் பவர் டூலும் சந்திக்கின்றன, இங்கேதான் அதிகமாகக் கெடுதலும் நடக்கிறது. அடித்து அடித்துத் திருகும் இம்பாக்ட் டிரைவரால் சைக்கிள் போல்டை முறுக்காதீர்கள். ஸ்டெம் போல்டுக்குப் பொதுவாக 5 நியூட்டன் மீட்டர் போதும், அது 10 செ.மீ. நீளமான ஆலன் கீயின் நுனியில் 5 கிலோ எடையைத் தொங்கவிட்டது போன்ற விசை. சாதாரண 18 வோல்ட் இம்பாக்ட் டிரைவர்கள் பலவும் 150 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். டிரில்லின் கழுத்தில் இருக்கும் எண்களும் நியூட்டன் மீட்டர் கிடையாது, ஒரு மெஷினின் 5 இன்னொன்றின் 5-க்குச் சமமும் இல்லை. முறுக்குவதற்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச், கழற்றுவதற்கு முதலில் கை.

உருண்டுபோன தலைக்கு நான் போகும் வரிசை இதுதான். ஊசியால் குழிக்குள் இருக்கும் மண்ணை முழுக்கத் தோண்டி எடுங்கள், பாதி போல்டுகள் உருள்வதே கீ முழுசாக உள்ளே போகாததால்தான். தேயாத புதுக் கீயை வைத்துப் பாருங்கள். வரவில்லையா, 4 மி.மீ. ஆலன் குழியில் நட்சத்திர முனை உள்ள டி25 டார்க்ஸ் பிட்டைச் சுத்தியலால் மெல்லத் தட்டி இறக்குங்கள், அதன் முனைகள் உருண்ட சுவரைக் கடித்துக்கொள்ளும். தானாகக் கழலாமல் இருக்க மரையில் பசை போட்ட போல்ட் என்றால் சூடான சால்டரிங் அயர்னின் நுனியைத் தலையில் ஓரிரு நிமிடம் வைத்திருங்கள், சூடு போல்டுக்குள் மட்டும் போகும், பசை இளகும். ஹீட் கன்னை, முக்கியமாகக் கார்பன் பக்கத்தில், காட்டாதீர்கள்.

அதற்கும் அசையாவிட்டால்தான் மெஷின். சின்ன ரோட்டரி டூலில் வெட்டும் வட்டை மாட்டி, தலையின் குறுக்கே ஒரு கோடு கீறி, தட்டைத் திருப்புளியால் திருப்பிப் பாருங்கள். கடைசி வழி டிரில், முடிந்தால் இடது பக்கம் சுற்றும் பிட்டோடு, துளைக்கும்போதே போல்ட் கழன்று வந்துவிடும். நடுவில் சென்டர் பஞ்சால் குத்திவிட்டுத் தொடங்குங்கள், மெதுவான வேகம், ஒரு சொட்டு எண்ணெய். பிட் நழுவினால் கடினமான எஃகை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கும் மெத்தென்ற அலுமினியத்துக்குள் ஓடிவிடும், பிறகு ஃபிரேமோ காலிப்பரோ வீண். தலை மட்டும் கழன்று வந்தாலே பெரும்பாலும் போதும், இழுவை போன பிறகு மீதித் தண்டை விரலாலேயே சுற்றி எடுக்கலாம்.

டிரில் சுற்றுகிறது, ஆனால் துளைக்கவில்லை

சிரிக்காதீர்கள், முதலில் திசை மாற்றும் பொத்தானைப் பாருங்கள். அடுத்தது பிட்டின் நுனி, நீலம் பூத்திருந்தால் சூட்டில் பதம் போய்விட்டது. எஃகில் வேகமாகச் சுற்றினால் வேகமாகத் துளைக்கும் என்பது தவறு. 5 மி.மீ. பிட்டுக்குச் சாதாரண எஃகில் நிமிடத்துக்கு சுமார் 1,500 சுற்று, 10 மி.மீ. என்றால் அதில் பாதி, ஸ்டெயின்லெஸ் என்றால் இன்னும் குறைவு. சுருள் சுருளாக உலோகம் வர வேண்டும், பொடியாக வந்தால் நீங்கள் வெட்டவில்லை, தேய்க்கிறீர்கள்.

பிட்டைப் பிடிக்கும் சக்குக்குள் அது நழுவினால் தாடைகளைத் தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். சக்கே போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றால் தாடைகளை முழுக்க விரித்து உள்ளே பாருங்கள், பெரும்பாலான மாடல்களில் அடியில் ஒரு திருகு இருக்கும், அதுவும் பெடல் மாதிரி இடது மரைதான்.

டிரில் நின்று நின்று ஓடுகிறது, தட்டினால் ஓடுகிறது

மின்கம்பி உள்ளது என்றால் ஓடவிட்டபடி, கம்பி கைப்பிடிக்குள் நுழையும் இடத்தை மட்டும் அசைத்துப் பாருங்கள். மடங்கி மடங்கி உள்ளேயே செம்பு அறுந்திருக்கும், வெளியே தெரியாது. அங்கே இல்லையென்றால் பிளக்கைக் கழற்றிவிட்டு, மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுபோகும் கார்பன் பிரஷ்களைப் பாருங்கள். சில மில்லிமீட்டர் மட்டுமே மிச்சம் இருந்தால், அல்லது பிரஷ்ஷிலேயே இருக்கும் கோட்டைத் தொட்டிருந்தால், இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். புதிது போட்டதும் சுமையில்லாமல் சில நிமிடம் ஓடவிடுங்கள். அப்போதும் மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சரைச் சுற்றி வளையமாக நெருப்பு பறந்தால் அதன் செம்புக் கம்பிச் சுருள் போய்விட்டது, அந்த வாடை, எரிந்த வார்னிஷ் வாடை, ஒரு முறை முகர்ந்தவர்களுக்கு மறக்காது. பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் மெஷினில் இதெல்லாம் கிடையாது, அங்கே விட்டு விட்டு ஓடினால் ஸ்விட்சையோ எலக்ட்ரானிக் போர்டையோதான் சந்தேகிக்க வேண்டும்.

பேட்டரியில் இயங்குவது என்றால், 18 வோல்ட் பேக்கில் 3.6 வோல்ட் செல்கள் ஐந்து தொடராக இருக்கின்றன, முழு சார்ஜில் மொத்தம் 21 வோல்ட் காட்டும். "20 வோல்ட் மேக்ஸ்" என்று எழுதியிருப்பதும் அதே ஐந்து செல்தான். மல்டிமீட்டரில் 20-க்கு மேல் காட்டியும் சுமை வந்ததும் அணைந்தால் ஐந்தில் ஒரு வரிசை பலவீனமாகிவிட்டது. சார்ஜரில் மாட்டியதும் சிவப்பு விளக்கு சிமிட்டினால் உடனே பேக் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள், வேலை முடிந்த சூட்டோடு மாட்டியிருப்பீர்கள், அரை மணி நேரம் ஆறவிட்டு மாட்டுங்கள். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த பேக்கையும் அப்படியே சார்ஜ் செய்யக் கூடாது, அறை வெப்பத்துக்கு வரட்டும். சார்ஜே ஏற்காத பேக்கை இன்னொரு பேக்கிலிருந்து கம்பி போட்டு எழுப்பும் வித்தையை நண்பர்கள் காட்டுவார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். வெறுமையாகக் கிடந்த லித்தியம் செல் உள்ளே கெட்டிருக்கும், அது தீப்பிடித்தால் அணைப்பது எளிதில்லை. உப்பிய பேக்கை வீட்டுக்குள்ளேயே வைக்காதீர்கள்.

கிரைண்டர் கை நடுங்கும் அளவுக்கு அதிர்கிறது

வட்டு மாற்றிய பிறகு தொடங்கியதா? பேட்டரியையோ பிளக்கையோ கழற்றிவிட்டு வட்டை எடுத்து, அது உட்காரும் தட்டில் பொடி சிக்கியிருக்கிறதா, வட்டின் துளை சரியாக நடுவில் அமர்ந்ததா என்று பாருங்கள். எந்த வட்டிலும் அதிர்ந்தால் பேரிங் அல்லது வளைந்த அச்சு. குறிப்பிட்ட ஒரு வட்டில் மட்டும் அதிர்ந்தால் அந்த வட்டு ஆபத்தானது. 125 மி.மீ. வட்டு நிமிடத்துக்கு 12,200 சுற்று சுற்றும்போது அதன் விளிம்பு நொடிக்கு 80 மீட்டர் வேகத்தில் போகிறது, அந்த வேகத்தில் பிய்ந்து வரும் துண்டைத் தடுப்பது வட்டை மூடியிருக்கும் காப்பு உறையான கார்டும் உங்கள் பாதுகாப்புக் கண்ணாடியும் மட்டும்தான். கார்டைக் கழற்றிவிட்டுப் பெரிய வட்டைப் போடும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். வட்டின் நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதி மாதமும் வருடமும் அச்சிட்டிருக்கும், பிசின் பழையதாகி ஈரம் ஏறினால் பலம் குறையும், அதைப் பார்த்து வாங்குங்கள்.

கார்பன் ஹேண்டில்பாரையோ ஃபோர்க் குழாயையோ வெட்ட இந்த மெஷினை எடுக்காதீர்கள். சூட்டில் பிசின் கருகி இழைகள் பிரியும், அந்தத் தூசி நுரையீரலுக்குள் போகக் கூடாதது. நுண்ணிய பல் உள்ள ரம்பம், ஈரத்துணி, முகமூடி, இவ்வளவுதான் வேண்டும். கியர் கேபிளின் வெளி உறையை வெட்ட மட்டும் ரோட்டரி டூல் அருமை, வெட்டியதும் உருகி மூடிய உள்குழாயை ஊசியால் திறந்துவிடுங்கள்.

கீழே விழுந்த கிரைண்டர் வட்டைப் பார்த்தால் விரிசல் தெரியாது, தட்டிப் பார்த்தாலும் நிச்சயமாகத் தெரியாது. அதை மறுபடி மாட்டாதீர்கள், அப்படியே குப்பையிலும் போடாதீர்கள், இரண்டாக உடைத்துவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் நல்லதாக இருக்கிறதே என்று வேறு யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள்.